மேல் வரியில் இருந்த எண்

அன்று அவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னது என் பிள்ளை அழுததற்காகவா, நான் அந்த அறையில் நிற்கக் கூடாது என்பதற்காகவா?

ஆறு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. சில நாட்களில் பிள்ளைக்காகத்தான் என்று தோன்றும். அன்றைக்குக் கறிக்கு உப்பும் சரியாக விழும். மறுநாள் மகனுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடும்போது, இல்லை, இரண்டாவதுதான் என்று தோன்றும். உடனே அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், காய்கிறதா என்று. இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். பெயரை எழுதினால் இது அவர்மேல் குற்றம் சாட்டும் முறைப்பாடு ஆகிவிடும். முறைப்பாடு எழுதும் அளவுக்கு எனக்கு எதிலும் உறுதி இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சேர்வர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் கணினிகள் எல்லாம் ஒரு பெரிய பெட்டியோடு இணைந்திருந்தன. அந்தப் பெட்டிதான் சேர்வர். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையை ஒட்டிய வீதியில் இருந்த ஒரு சிறிய உதவி நிறுவனம் அது. வடக்கே பனிச்சங்கேணிப் பக்கத்திலிருந்தும் மேற்கே உன்னிச்சைப் பக்கத்திலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் இருந்த காலம். குடும்ப விபரங்களைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அரிசி அட்டை அச்சாகும். அட்டை இல்லாவிட்டால் அந்த வாரம் அடுப்பு எரியாது.

அவருக்கு ஒரு குணம் இருந்தது. தான் செய்யும் வேலை யாருடைய கண்ணிலும் படக் கூடாது.

நான் கர்ப்பமாக இருந்தபோது என் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தேன், ஆடவில்லை. நான் கனத்துவிட்டதால் நாற்காலி அசையாமல் நிற்கிறது என்று நினைத்து வெட்கப்பட்டேன். ஒரு மாதம் கழித்துத் தேநீர் போடும் அக்கா நிலம் கூட்டும்போது நாற்காலிக் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ரப்பர் துண்டு வெச்சது ஆருகா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அடுத்த மேசையில் இருந்து பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நுனிநாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார். தலையைத் தூக்கவே இல்லை.

பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய காலத்தில் சண்டையால் பாதை மூடியிருந்தது. கடைகளில் பால்மா இல்லை. ஒரு நாள் என் மேசை லாச்சியைத் திறந்தால் இரண்டு பால்மாப் பெட்டிகள் இருந்தன. யார் வைத்தது என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். அவரிடம் நேரே கேட்டதற்கு, "பிள்ளை குடிச்சுதா? குடிச்சா சரிதானே" என்றார்.

இவை நல்ல விடயங்கள். ஆனால் அதே குணத்தால் வேறொன்றும் நடந்தது. என் கணவர் தனக்குக் கல்முனைக்கு இடமாற்றம் வரப் போகிறது என்று மின்னஞ்சலில் எழுதியிருந்ததை நான் வீட்டில்கூட இன்னும் சொல்லாமல் இருந்த ஒரு நாளில், "கல்முனையில வீடு பார்க்கிறீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "கடிதம் பெரிசா இருந்த. இடம் பிடிச்ச" என்று சிரித்தார். சேர்வரில் இடம் குறைந்துகொண்டு போவதால் யாருடைய மின்னஞ்சல் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அளவைப் பார்க்கிறவருக்குக் கல்முனை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. என் நாற்காலியைச் சரி செய்தவரிடம் அதைக் கேட்பது நன்றி கெட்ட வேலையாகத் தோன்றியது.

அவர் எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சேர்வர் இருந்த இயந்திர அறைக்கு ஒரு பதிவுக் கொப்பி இருந்தது. ஒருவர் வேலை செய்ய, மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஒழுங்காக எழுதுகிறேன் என்று அந்த மற்றவர் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். ஒரு தடவை மின்கலம் மாற்றியபோது அதன் எண்ணை அட்டைப்பெட்டியில் பார்த்து எழுதினேன். அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னை எழும்பி வரச் சொல்லி, பூட்டிய மின்கலத்தைத் திரும்பக் கழற்றி, அதன் முதுகில் இருந்த எண்ணைக் காட்டினார்.

"பெட்டியைப் பார்த்து எழுதாதேங்க. சாமானைப் பார்த்து எழுதுங்க. கண்ணால பாராத நம்பரைக் கையால எழுதப்படாது."

இரண்டு எண்களும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பாராமல் எழுதியதில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர.

இனி, பனிச்சங்கேணியிலிருந்து முகாமுக்கு வந்திருந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவவின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இரண்டு மகன்மார். மூத்தவன் வீச்சுவலை எடுத்துக்கொண்டு போனவன், வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எழுத மாட்டேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் யார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் போதும், கேட்கிறவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அரிசி அட்டைப் படிவத்தோடு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக இன்னொரு படிவமும் எங்களிடம் இருந்தது. அது வெளியில் போகாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைச் சனத்துக்குச் சொன்னோம். அம்மா மூத்தவனைப் பற்றி எல்லாம் சொன்னா. மற்றப் பிள்ளைகளின் தற்போதைய முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டா.

"சின்னவனையும் எழுதோணுமா மகள்?"

எழுதாவிட்டால் பதிவு ஏறாது, இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஒரு கோட்டை இழுத்துவிட்டும் ஏற்றியிருக்கலாம். என்னோடு பதிவு ஏற்றிய மற்றப் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கு வெற்றிடம் விட்டுப் பழக்கமில்லை.

"ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க அம்மா. சொல்லுங்க" என்றேன்.

சின்னவனைக் காத்தான்குடியில் கைலி நெய்து விற்கிற ஒரு சாரன் வியாபாரி வீட்டில் ஒளித்து விட்டிருந்தா. அம்மா முன்பு கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வீடு. பின்பக்கத்தில் தறி இருக்கிற இடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். உடல் அடையாளம் என்ற இடத்தில் அம்மா சொன்னதை அப்படியே அடித்தேன்: வலது காதுக்குப் பின்னால் புட்டு ஆவி சுட்ட தழும்பு. கைப்பிள்ளையாக இடுப்பில் இருந்தபோது பானைக்குக் கிட்டத் தலையை நீட்டிவிட்டானாம். தீக்காயத் தழும்பு என்று அடித்திருந்தால் போதும். சொன்னவரின் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் அதையும் பின்பற்றினேன்.

சனம் கூடக்கூடச் சேர்வரில் இடம் முடிந்துகொண்டு வந்தது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து, இரண்டு நாள் மூடிவிட்டுச் சரி செய்யுங்கள் என்றார்கள். இரண்டு நாள் மூடினால் இரண்டு முகாமுக்கு அட்டை போகாது என்று சேர்வர் அண்ணன் மறுத்துவிட்டார். நாலு நிமிடத்துக்கு மேல் நிறுத்த மாட்டேன் என்றார். பணிப்பாளருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்தது.

என்ன செய்யப் போகிறார் என்பதை எனக்கு முதல் நாளே விளக்கினார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிற குடும்பம் அவருடையது. எதை விளக்கினாலும் வட்டையில் போய் நிற்பார். வயல்வெளிக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது.

"டிஸ்க் எண்டா ஒரு வட்டை எண்டு நினைங்க தங்கச்சி. வரம்பு போட்டு மூணு துண்டா வெட்டி இரிக்கி. ஒண்டில மிசின்ட சொந்த வேலை. ஒண்டில கடிதங்கள். மற்றதில உங்கட சனம். முதல் துண்டில பாதி சும்மா கிடக்கு. உங்கட சனம் நிக்கிற துண்டில கால் வைக்க இடமில்ல. வரம்பை அங்கால தள்ளோணும். பயிர் நிக்கக்குள்ள வரம்பை வெட்டுறது எப்பிடி?"

தெரியாது என்றேன்.

"இதுக்குப் பக்கத்தில இதே மாதிரி இன்னொரு வட்டை இரிக்கி. அதே பயிர், அதே உயரம். இஞ்ச ஒரு நாத்து நட்டா அங்கயும் தன்பாட்டில ஒரு நாத்து."

சேர்வருக்குள் இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். ஆகவே இரண்டாவதைக் கழற்றினால் அலுவலகம் முதலாவதில் ஓடிக்கொண்டிருக்கும். கழற்றியதை அழித்து, வரம்புகளைப் புதிய அளவில் போட்டு, திரும்பப் பூட்டி, முதலாவதில் உள்ளதையெல்லாம் அதற்குள் கொண்டுவருவது. பிறகு சேர்வரை ஒரு தடவை அணைத்து, புதிதாக வெட்டியதிலிருந்து எழுப்புவது. அந்த நாலு நிமிடம் மட்டும்தான் எல்லாம் நிற்கும். கடைசியாக முதலாவதுக்கும் அதே வரம்பு போட்டு இரண்டையும் பழையபடி இணைத்துவிடுவது.

"கழட்டினதில என்ன இரிக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இரிக்கும். கழட்டின நிமிசம் வரைக்கும் உள்ள எல்லாம். அதத் தூக்கிக்கொண்டு போனா இந்த ஒபிசையே தூக்கிக்கொண்டு போன மாதிரி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆடி அமாவாசை நாளை அவர்தான் தெரிவு செய்தார். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். தகப்பன் இல்லாதவர்கள் குளத்தில் முழுகப் போவார்கள். தகப்பன் இருக்கிறவர்கள் கச்சான் கடலை வாங்கப் போவார்கள். அலுவலகத்தில் ஆளே இருக்காது. என் தகப்பன் இருக்கிறார், அதனால் விடுமுறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தகப்பன் இல்லை. தீர்த்தத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். பின்னேரம் போவதாகச் சொன்னார். தீர்த்தம் மத்தியானத்தோடு முடிந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. செருப்பை வாசலில் விட்டு, வெறுங்காலோடு அறைக்குள் வந்தார். கைக்குட்டையை விரித்து, அதில் சுற்றியிருந்த திருப்புளியை எடுத்தார். பதினொரு மணி போல இரண்டாவது டிஸ்கைக் கழற்றி என் முன்னால் பிடித்தார். நான் குனிந்து முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துச் சரி பார்த்தேன். கழற்றப்பட்டது என்று எழுதினேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. என் மாமி, கணவரின் தாய். நான் வேலைக்கு வந்ததிலிருந்து பிள்ளை பால் போத்திலை வாயில் வைக்க மாட்டேனென்று அழுகிறானாம். அவனுக்கு அப்போது ஐந்து மாதம். கேட்ட உடனேயே பால் சுரந்து என் சட்டை நனைந்துவிட்டது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த டிஸ்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"போங்க தங்கச்சி. பிள்ளை அழக்குள்ள நிக்காதேங்க. இதத் துடைச்சு, வரம்பு போட்டு, திரும்பப் பூட்டுறதுதானே."

"எழுதோணுமே அண்ணன்."

"அதே டிஸ்க். அதே நம்பர். மேல இரிக்கிறதப் பார்த்து எழுதி, சைனையும் வெச்சிட்டுப் போங்க. வாறதுக்குள்ள முடிஞ்சிரும்."

மேல் வரியைப் பார்த்து எழுதினேன். மீண்டும் பொருத்தப்பட்டது என்று எழுதினேன், அது இன்னும் அவர் கையில் இருக்கும்போதே. கையெழுத்து வைத்தேன். வாவிக்கரையால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பிள்ளை என் மடியில் விழுந்து குடித்தபோது, இந்த உலகத்தில் இரக்கமுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற நூற்றுவீதம் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு சேர்வரை அணைத்து எழுப்பினார். நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நாலு நிமிடம்கூட இல்லை. மறுநாள் எல்லோரும் வந்து கணினியைத் திறந்தார்கள், வேலை செய்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் பிளேன்டீயும் உள்ளங்கைச் சீனியுமாக இருந்தார். நான் பெருமையோடு அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு சருவச்சட்டி நிறைய மோதகம் கொண்டுவந்தார். அவருடைய தங்கையின் மகன் வீட்டுக்கு வந்துவிட்டானாம். அந்தப் பிள்ளையைப் பங்குனி மாதம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். அவர் சொன்னதே இல்லை. தேநீர் போடும் அக்கா, "எப்பிடி விட்டாங்க?" என்று கேட்டா. கும்பிட்ட தெய்வம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் அழுதேன். இரண்டு மோதகம் தின்றேன், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் நெற்றியில் திருநீறு பூசிப் பிள்ளையின் உதட்டில் தொட்டு வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் பனிச்சங்கேணி அம்மா வந்தா. வரிசையில் நிற்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்தா. தலை வாரியிருக்கவில்லை.

காத்தான்குடி வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றதாம். சாரன் வியாபாரி அப்படி ஒரு பொடியன் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார். வந்தவன் ஒரு கடதாசியைப் பார்த்து, காதுக்குப் பின்னால் புட்டு ஆவி சுட்ட பொடியன், பின்பக்கம் தறியில் இருக்கிறவன் என்று வாசித்தானாம். வியாபாரி வாசற்கதவில் கையை விரித்து நின்றிருக்கிறார். துவக்குப் பிடியால் அவருடைய தோளில் அடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய் இழுத்துக்கொண்டு வந்தார்களாம்.

"புட்டு ஆவி எண்டு நான் உன்னட்ட மட்டும்தானே மகள் சொன்னனான்."

அம்மா மேசைக்கு மேலால் குனிந்தா.

"ஆருக்குச் சொன்ன நீ?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல அம்மா."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. மேசைக் கண்ணாடிக்குக் கீழே என் மகனின் படம் இருந்தது. என் கையை இழுத்து அந்தப் படத்துக்கு மேலே வைத்தா.

"இந்தப் புள்ளைக்கி மேல சத்தியமா?"

"என்ட புள்ளைக்கி மேல சத்தியமா அம்மா. என்ட கையால ஒண்டும் வெளியில போகல்ல."

அவ என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கையை விட்டுவிட்டு, "அப்ப நீ இல்ல" என்றா. அவ்வளவுதான். என்னை நம்பிவிட்டா. எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி சேர்வர் அண்ணன் ஒரு கணினியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். தூரிகையின் சத்தம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நான் அவரை அன்று சந்தேகப்படவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். படிவத்தை யாராவது பார்க்கும்படி மேசையில் விட்டேனா, பேருந்தில் யாரிடமாவது வாய் தவறினேனா, அம்மா சொன்னதைத் திரும்ப வாசித்தபோது யன்னல் திறந்திருந்ததா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். மெலிந்துபோனேன். என் நிலையைப் பார்த்து அவர் ஒரு நாள், "உங்கட பிழை இல்ல தங்கச்சி" என்றார். அப்போது அது ஆறுதலாக இருந்தது. இப்போது அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாசி மாதம் அவர் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனார். பிரியாவிடை இல்லை. ஒரு காலையில் அவருடைய மேசை துடைத்திருந்தது, சாவிகள் பெயர் ஒட்டி வரிசையாக இருந்தன.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் கிளையை மூடினார்கள். பொருட்களைக் கணக்கெடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு இளம் பொறியியலாளர் வந்தார். அவர் டிஸ்க்குகளைக் கழற்றி எண்ணை வாசித்தார், நான் கொப்பியைப் பார்த்துச் சரி போட்டேன். முதலாவது சரி. இரண்டாவதை வாசித்தபோது சரி போடப் போன பேனை நின்றுவிட்டது. திரும்ப வாசிக்கச் சொன்னேன். பிறகு நானே வாங்கிப் பார்த்தேன். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து வித்தியாசமல்ல. வேறு எண். அலுமாரியில், அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மூன்றாவது டிஸ்கின் பெட்டி இருந்தது. திறந்தோம், உள்ளே ஒன்றுமில்லை. பெட்டியின் வெளியே அச்சிட்டிருந்த எண்தான் சேர்வருக்குள் இருந்த டிஸ்கின் எண்.

"மாத்தியிருப்பாங்க மிஸ், எழுத மறந்திருப்பாங்க" என்றார் அந்தப் பிள்ளை. பட்டியலில் திருத்திவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்.

எழுத மறக்கவில்லை. எழுதியிருக்கிறது. என் கையெழுத்தில், இரண்டு வரியிலும் ஒரே எண், கீழே என் ஒப்பம். யார் வந்து விசாரித்தாலும், கழற்றிய டிஸ்க்தான் திரும்பப் போனது, நான் கண்ணால் பார்த்தேன் என்று அந்தக் கொப்பி சொல்லும். கண்ணால் பாராததை எழுதாதே என்று கற்றுத் தந்தவர், என் கையாலேயே அதை எழுதிவித்தார். இந்த ஒழுங்கான பெண் எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அல்லது அப்படி இல்லையா? பிள்ளை அழுதது உண்மை. மாமி தொலைபேசி எடுப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் போகாமல் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? ஒருவேளை மனம் மாறிப் பழையதையே பூட்டியிருப்பாரா? நான் போனதுதான் வழியைத் திறந்துவிட்டதா? தங்கையின் மகனை விடுவிக்கத்தான் கழற்றிய டிஸ்கைக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் மகனைப் பிடித்துவைத்துக்கொண்டு கேட்டிருந்தால் நான் எதைக் கொடுத்திருப்பேன் என்று ஒரு நாள் யோசித்தேன். அந்த யோசனையை முடிக்கவில்லை.

எரிக்கப் போன பழைய தாள்களுக்குள்ளிருந்து அந்தக் கொப்பியை எடுத்து வந்துவிட்டேன். அலுமாரியில் மகனின் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே இருக்கிறது. கணவருக்குத் தெரியும். முடிந்ததைக் கிளறாதே என்கிறார். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் சேர்வர் அண்ணனிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வரும்: மருமகன் எப்படி இருக்கிறார்? என் மகனைத்தான் அப்படிச் சொல்கிறார். நான் பதில் போடுவதில்லை. அழிப்பதுமில்லை.

மகனுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு அந்தச் சத்தியம்தான் நினைவுக்கு வரும். சத்தியம் செய்த நேரத்தில் அது உண்மை. நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் என் கையால் ஒன்றும் வெளியில் போகவில்லை என்றேனே. என் கையெழுத்துக்குப் பின்னால்தான் எல்லாம் வெளியில் போயிருக்கிறது. செய்தபோது உண்மையாக இருந்த சத்தியம் பிறகு பொய்யாகுமா? கோயில் ஐயரிடம் கேட்க வாய் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் பனிச்சங்கேணி அம்மா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்ததுதான். ஊருக்குத் திரும்பிவிட்டா. ஒரு பை நிறையக் கூனி இறால் கொண்டுவந்தா. மகன்மார் இருவரும் இன்னும் வரவில்லை. காணாமற்போனவர்களுக்குப் புதிதாக ஏதோ படிவம் நிரப்புகிறார்களாம், அதைக் கையோடு கொண்டுவந்திருந்தா. அங்கே எழுதித் தருகிறவர்களில் அவவுக்கு நம்பிக்கையில்லை.

"நீ முந்தி எழுதினதுதான் மகள் சரியா இருந்த. நான் சொன்னத அப்பிடியே எழுதின நீ. அதே மாதிரி எழுதித் தா. புட்டு ஆவியையும் போடு. அதக் கண்டாத்தான் என்ட புள்ளையெண்டு தெரியும்."

மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். அம்மா அவனைக் கிட்டக் கூப்பிட்டு, தலையில் கை வைத்துத் தடவிவிட்டா.

"பொய்ச் சத்தியமெண்டா இவன் இப்பிடி வளருவானாகா? அண்டைக்கு உன்னில கைபோட்டுக் கேட்டது எனக்கு இன்னும் வெக்கம்."

நான் கூனிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்று நேரமில்லை, தீர்த்தத்துக்கு அமிர்தகழிக்கு வரும்போது வாருங்கள், ஆறுதலாக இருந்து எழுதுவோம் என்றேன். சரி என்று போய்விட்டா. படிவம் என்னிடம்தான் இருக்கிறது, வெற்றிடங்களோடு.

சொன்னால், அவவுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு மிஞ்சியிருக்கிற ஒருத்தியும் இல்லாமல் போய்விடும். சொல்லாமல் எழுதினால், இரண்டாவது தடவையும் மேல் வரியைப் பார்த்து எழுதியது போலாகும். சொல்லிவிட்டுக் கொப்பியைக் கொடுத்தால் அவ யாரிடம் கொண்டுபோவா? சேர்வர் அண்ணன் எங்கோ தூரத்தில் இருக்கிறார். தங்கையின் மகன் இப்போது கலியாணம் கட்டிப் பிள்ளையோடு உன்னிச்சையில் வேளாண்மை செய்கிறானாம். அவனை என்ன செய்வது?

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இருப்பீர்கள், பிள்ளையைத் தேடுகிறவர்களும் இருப்பீர்கள். முக்கியமாகத் தேடுகிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் அந்த அம்மாவாக இருந்தால், என் வாயிலிருந்து இதைக் கேட்க விரும்புவீர்களா? விரும்பினால், படிவத்தை எழுதுவதற்கு முன்பா, எழுதி முடித்த பிறகா? பத்திரிகை முகவரிக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். ஆடி அமாவாசைக்கு முன் என் கையில் கிடைத்தால் நல்லது. அன்று அவ முழுகிவிட்டு ஈரத் தலையோடு நேரே இங்கேதான் வருவா.